வெளியே பைபர், உள்ளே பலகை

பேராக் மாநிலத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வடக்கே கிரிக்கைத் தாண்டினால் தெமெங்கோர் ஏரி ஏறத்தாழ 152 சதுர கிலோமீட்டருக்கு விரிந்து கிடக்கிறது. மலேசியத் தீபகற்பத்தில் கென்யீருக்கு அடுத்த பெரிய ஏரி அதுதான். அங்கிருந்து இறங்கும் பேராக் ஆற்றைப் பெர்சியா, கெனெரிங், செண்டெரோ அணைகள் வரிசையாகத் தேக்கி வைத்திருக்கின்றன. இவற்றுள் மூத்தது செண்டெரோ; 1930இல் கட்டி முடிக்கப்பட்டது. கிந்தாப் பள்ளத்தாக்கிலோ, ஈயம் தோண்டியவர்கள் விட்டுப்போன குளங்கள் பத்து காஜாவிலிருந்து கம்பார் வரை சிதறிக் கிடக்கின்றன. மேற்கே போனால் லூமுட், பங்கோர், கோலசெப்பாத்தாங், பாகான் டத்தோ என்று கடலும் கழிமுகமும். தோட்டத்தில் பால் வெட்டிய காலத்திலிருந்தே ஓய்வு நாளில் தூண்டிலும் கையுமாகக் கரையில் உட்கார்ந்தவர்கள் நம்மவர்கள். ஆனாலும் சொந்தப் படகு என்று பேச்செடுத்தால், “அதெல்லாம் தவுக்கேமார் சமாச்சாரம்” என்று பேச்சு முடிந்துவிடுகிறது. புதுப் படகின் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 30, 40 வயதான பைபர் படகுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தெரிந்து வாங்கினால் பழைய பைபர் படகு புதியதற்கு இளைத்ததல்ல; நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே ஏற்ற படகு என்பது என் வாதம். தெரியாமல் வாங்கினால் அதைப்போல் காசைக் கரைக்கும் பொருளும் வேறில்லை. இரண்டுக்கும் நடுவே இருப்பது சில மணி நேரப் பரிசோதனைதான்.

முதலில் பைபர் என்றால் என்ன என்று பார்த்துவிடலாம். கண்ணாடியை உருக்கி மயிரிழையாக இழுத்து, அந்த இழைகளைப் பாய்போலவோ துணிபோலவோ பரப்பி, மேலே பாலியெஸ்டர் ரெசினை ஊற்றி ஊறவைத்து இறுகவிட்டால் கிடைப்பதுதான் பைபர். படகுக்கென்று ஓர் அச்சு இருக்கும். அச்சின் உட்புறத்தில் முதலில் ஜெல்கோட் என்னும் வண்ணப் பூச்சைத் தெளிப்பார்கள். நாம் வெளியில் பார்க்கும் பளபளப்பு அதுதான். பிறகு ஓர் அடுக்கு மேட், ஓர் அடுக்கு நெசவுத் துணி என்று கையாலேயே பரப்பி, ரெசின் பூசி, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவார்கள். அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ரே கிரீன் என்பவர் 1942இல் இம்முறையில் ஒரு சிறு பாய்மரப் படகு கட்டினார். 1958இல் பாஸ்டன் வேலர் என்ற 13 அடிப் படகு சந்தைக்கு வந்தது. அது மூழ்காது என்பதைக் காட்ட அதன் உரிமையாளர் டிக் ஃபிஷர் படகைத் தண்ணீரிலேயே ரம்பத்தால் இரண்டாக அறுத்த படங்களை 1961இல் லைஃப் பத்திரிகை வெளியிட்டது. ஜப்பானில் யமாஹா நிறுவனம் 1960இல் பைபர் படகையும் அவுட்போர்டு இஞ்சினையும் கொண்டுவந்தது. யாழ்ப்பாணத்துக் காரைநகரில் நார்வே நாட்டவரின் உதவியோடு 1967இல் தொடங்கிய சீநோர் நிறுவனம் மீனவர்களுக்குப் பைபர் படகுகள் கட்டிக் கொடுத்தது. தமிழ்நாட்டுக் கரையில் 2004 சுனாமிக்குப் பிறகு கட்டுமரம் இருந்த பல இடங்களைப் பைபர் படகு பிடித்துக்கொண்டது. நம் பக்கத்தில் செங்கால் மரத்தில் கட்டிய படகுகளுக்குப் பெயர்போன பங்கோர் கரையிலும் பைபர் வந்து சேர்ந்துவிட்டது. நல்ல மரம் கிடைப்பது அரிதாகிவிட்டது ஒரு காரணம். உப்புத் தண்ணீரில் மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு பைபரைத் தொடாது என்பது இன்னொரு காரணம்.

இந்தப் பொருள் எத்தனை காலம் உழைக்கும்? 1950களிலும் 60களிலும் கட்டியவர்களுக்கே இது தெரியாது. தெரியாததால் பயந்துகொண்டு தாராளமாக அடுக்குகளை வைத்தார்கள். அந்தக் காலத்துப் படகுகள் பல இன்றைய படகுகளைவிடத் தடிமனாக இருப்பதற்கு அந்தப் பயம் ஒரு காரணம்; 1973 எண்ணெய் நெருக்கடிக்கு முன் ரெசின் மலிவாகக் கிடைத்தது மற்றொன்று. காலம் அதற்குப் பிறகு பதில் சொல்லிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை 1972இல் நீரில் இறக்கிய வில்டன் என்ற கப்பல் பைபரில் கட்டிய முதல் பெரிய போர்க்கப்பல்; படைப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு எஸ்ஸெக்ஸ் கரையில் ஒரு படகுச் சங்கத்தின் கட்டடமாகி மிதக்கத் தொடங்கியது. அவ்வளவு தூரம் போவானேன்? மகாமீரு, ஜெராய், லெடாங், கினபாலு என்ற நான்கு கண்ணிவெடி அகற்றும் கப்பல்களை மலேசியக் கடற்படை இத்தாலியில் கட்டி 1985இல் பணியில் சேர்த்தது. காந்தத்தால் வெடிக்கும் கண்ணிகளுக்கு அருகில் போகவேண்டியிருப்பதால் அவற்றின் உடல் முழுவதும் பைபர். 50 மீட்டருக்கு மேல் நீளமுள்ள அந்தக் கப்பல்கள் பல பத்தாண்டுகள் கடலில் உழைத்தவை. 14 அடிப் படகு ஒன்று 35 ஆண்டு கழித்தும் உறுதியாக இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை நம்ப மறுக்கக் காரணமில்லை.

பிறகு ஏன் இத்தனை பழைய படகுகள் வீட்டுக் கொல்லையில் உளுத்துக் கிடக்கின்றன? சிறு படகுகளின் உள்ளே மரம் இருப்பதால்தான். பைபர் வலுவானது, ஆனால் வளையும். வளையாமல் இருக்க அடித்தளத்தில் நெடுக்காகக் கட்டைகளை வைத்து அவற்றின்மேல் பைபரைப் போர்த்துவார்கள். காலடியில் பிளைவுட் தரை. இஞ்சினைத் தாங்கும் பின்பலகையோ, இரண்டு மூன்று பிளைவுட்களை ஒன்றாக ஒட்டி, இரு பக்கமும் பைபரால் மூடியது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது இவை எல்லாம் மூடித்தான் இருக்கும். பிறகுதான் வினை. தூண்டில் தாங்கிக்கு நான்கு ஆணி, மீன் காட்டும் கருவிக்கு இரண்டு ஆணி, ஏணிக்கு நான்கு ஆணி என்று ஒவ்வொரு சொந்தக்காரரும் துளை போடுகிறார். ஆணியைச் சுற்றிப் பூசிய பசை சில வருடத்தில் காய்ந்து விரிகிறது. தண்ணீர் உள்ளே இறங்குகிறது. உள்ளே போன தண்ணீருக்கு வெளியே வர வழியில்லை. இரு பக்கமும் பைபர் அடைத்து நிற்கிறது. ஈரமும் சூடும் கொஞ்சம் காற்றும் கிடைத்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்? வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் உள்ளே பலகை ஊறிச் சக்கையாகிறது.

இந்த இடத்தில் பேராக்கின் மழை கணக்கில் வருகிறது. கடல்தான் படகைக் கெடுக்கும் என்பது பொதுவான எண்ணம். இரும்பையும் அலுமினியத்தையும் பொறுத்தவரை அது சரி. மரத்தைப் பொறுத்தவரை கதை தலைகீழ். உப்பு பூஞ்சையின் வளர்ச்சியைத் தடுக்கிறது. மரத்தை உளுக்க வைப்பது நல்ல தண்ணீர், அதிலும் மழைத் தண்ணீர். ஈப்போவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தைப்பிங்கைச் சொல்லவே வேண்டாம். வடிகால் அடைப்பானைக் கழற்றாமல் ரம்புத்தான் மரத்தடியில் நிறுத்திவிட்டுப் போன படகு, இலைச் சருகும் மழைநீருமாக மாதக்கணக்கில் ஊறுகிறது. லூமுட்டில் பத்து வருடம் கடலுக்குப் போய்வந்த படகைவிட, ஒரு தாமான் வீட்டுக் கொல்லையில் இரண்டு வருடம் திறந்து கிடந்த படகு மோசமாக இருக்கலாம். “இது தண்ணீரில் இறங்கியே ரொம்ப நாளாச்சு” என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், எங்கே, எப்படி மூடி வைத்திருந்தார் என்றுதான் அடுத்த கேள்வி கேட்கவேண்டும். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு வளர்ந்தால் வீட்டுக்காரருக்கு அபராதம் விதிக்க 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டம் இடம் தருகிறது. அதற்காகவாவது படகை மூக்கு உயர்த்தி, அடைப்பானைக் கழற்றி, நல்ல கான்வாஸால் மூடி வைக்கவேண்டும்.

ஆகவே படகைப் பார்க்கப் போகிறவர் வண்ணத்தைப் பார்ப்பதற்கு முன் பலகையைத் தேடவேண்டும். கையில் ஒரு சிறு பிளாஸ்டிக் சுத்தியல் போதும். பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல, தரை, பக்கச் சுவர், பின்பலகை என்று அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போகவேண்டும். உறுதியான இடம் கணீரென்று கேட்கும். உளுத்த இடம் பொத்தென்று மந்தமாகக் கேட்கும். தட்டும் ஓசை மாறும் எல்லையைச் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டால் சேதத்தின் அளவு கண்முன்னே வந்துவிடும். அடுத்து, இஞ்சின் மாட்டியிருக்கும்போதே அதன் கீழ்க்காலைப் பிடித்து உடல் எடையைக் கொடுத்து மேலும் கீழும் அழுத்தவேண்டும். பின்பலகை அசையவே கூடாது. அது வளைந்தாலோ, பக்கச் சுவரோடு சேரும் மூலையில் வெடிப்பு வாய் திறந்து மூடினாலோ, உள்ளே பலகை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு, விற்பவரின் அனுமதியோடு, பின்பலகையின் கீழ்ப்பகுதியில் இருக்கும் ஓர் ஆணியைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த துளை நல்லது. பழுப்புத் தண்ணீர் வழிந்தால் விடை கிடைத்துவிட்டது. இன்னும் சந்தேகம் இருந்தால் உட்புறத்திலிருந்து 3 மில்லிமீட்டர் துளையூசியால் ஒரு துளை. வெளியே வரும் தூள் வெளிர் நிறத்தில், காய்ந்து, மரவாசனையோடு சுருள் சுருளாக வந்தால் பலகை உயிரோடு இருக்கிறது. கறுத்து, ஈரமாக, விரலில் பிசுபிசுவென்று ஒட்டி, புழுங்கிய இலையின் நாற்றத்தோடு வந்தால் இல்லை. அந்தச் சிறு துளையை அன்றே எபாக்ஸிப் பசை வைத்து அடைத்துவிடலாம். துளை போட ஒப்புக்கொள்ளாத விற்பவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. பின்பலகை கெட்டது என்ற கணக்கில் விலை பேசினால் போதும்.

தரைக்கடியில் மிதப்புக்காக அடைத்த ஃபோமும் இப்படித்தான். புதிதில் தண்ணீர் குடிக்காது. பல வருட ஈரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக் கனத்துவிடும். மிதக்கவைக்க வைத்த பொருளே படகை அழுத்தும் பாரமாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி எடை போடுவது. பழைய இரும்பு வாங்கும் கடைகளிலும் செம்பனை ஆலைகளிலும் லாரி எடை மேடை உண்டு. படகோடு டிரெய்லரை ஒருமுறை, வெறும் டிரெய்லரை ஒருமுறை நிறுத்தினால் படகின் எடை வந்துவிடும். அந்த மாதிரிப் படகுக்கு நிறுவனம் குறித்த எடையோடு ஒப்பிட்டு, இஞ்சின், பேட்டரி, எண்ணெய்த் தொட்டி ஆகியவற்றைக் கழித்துப் பார்க்கவேண்டும். நூறு கிலோ கூடுதலாக வந்தால் அது உள்ளே நிற்கும் தண்ணீர்.

பைபருக்கே வரும் நோய் ஒன்று உண்டு. நீரில் வருடக்கணக்கில் நிறுத்தி வைத்த படகின் அடிப்பக்கத்தில் கொப்புளங்கள் கிளம்பும். ஜெல்கோட் தண்ணீரை முழுமையாகத் தடுப்பதில்லை. மூலக்கூறு அளவில் தண்ணீர் ஊடுருவுகிறது. உள்ளே சரியாக இறுகாமல் மிஞ்சிய வேதிப்பொருள்களோடு கலந்து அமிலத் திரவமாகிறது. அந்தத் திரவம் மேலும் மேலும் தண்ணீரை இழுத்து அழுத்தத்தை ஏற்றுகிறது. கொப்புளத்தைக் குத்தினால் வினிகர் நெடியோடு ஒரு பிசுபிசுப்பான நீர் பீச்சும்; கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதிலும் கடலைவிட ஏரிதான் கொடியது. வெளித் தண்ணீரில் உப்பு குறையக் குறைய உள்ளே இழுக்கும் விசை கூடுகிறது. வெப்பமும் அதை வேகப்படுத்துகிறது. எனவே தெமெங்கோர் ஏரியின் பண்டிங் படகுத்துறையில் ஆண்டு முழுவதும் மிதந்த படகின் அடியைக் குனிந்து படுத்துக்கூடப் பார்க்கவேண்டும். டிரெய்லரிலேயே வாழ்ந்த படகுக்கு இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. ஒன்றைச் சொல்லியாகவேண்டும்: இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில கொப்புளங்கள் படகை மூழ்கடித்துவிடா. தேய்த்து, பல வாரம் காயவைத்து, எபாக்ஸி பூசினால் தீரும். வாங்குபவரைப் பயமுறுத்தும் அளவுக்கு அவை படகைப் பயமுறுத்துவதில்லை. உளுத்த பலகை அப்படியல்ல. வெயிலில் வெளுத்துத் தொட்டால் மாவாக ஒட்டும் ஜெல்கோட்டும் அழகுக் குறைதான், தேய்த்து மெருகேற்றிவிடலாம். புதிதாக வண்ணம் அடித்துப் பளபளவென்று நிற்கும் பழைய படகைத்தான் நான் இருமடங்கு கவனத்தோடு பார்க்கச் சொல்வேன். மூலைகளில் நட்சத்திரம்போல் விரியும் வெடிப்புகளை மறைக்க ஒரு டின் பெயின்ட் போதும்.

“மலிவாக வாங்கிக் கடைசியில் புதுசைவிட அதிகம் செலவழித்த கதை எத்தனை கேட்டிருக்கிறோம்” என்பது முதல் மறுப்பு. நியாயமான மறுப்பு. அந்தக் கதைகளில் பெரும்பாலும் பணத்தைத் தின்றது இஞ்சின், அல்லது வாங்கிய பிறகு கண்டுபிடித்த பின்பலகை. பின்பலகையை வாங்குவதற்கு முன்பே கண்டுபிடிக்கும் வழியைப் பார்த்தோம். இஞ்சினுக்கும் வழி உண்டு. நீங்கள் வருவதற்கு முன் ஓட்டிச் சூடாக்கி வைக்கவேண்டாம் என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்; குளிர்ந்த இஞ்சின் எத்தனை இழுப்பில் எழும்புகிறது என்பதே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பிளக்கைக் கழற்றி அழுத்தமானியை வைத்து ஒவ்வொரு சிலிண்டரையும் பார்க்கவேண்டும். ஒன்றுக்கொன்று பத்து விழுக்காட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் செலவு காத்திருக்கிறது. கியர் பெட்டியின் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தால், பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் சீல் போய் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடும்போது இஞ்சினின் பின்னால் சிறு துளையிலிருந்து தண்ணீர் சீராகப் பீச்சவேண்டும். இல்லையென்றால் குளிர்விக்கும் இம்பெல்லர் தேய்ந்துவிட்டது. அது ஒரு சிறு ரப்பர் சக்கரம்தான், விலையும் குறைவு. ஆனால் அதை மாற்றாமல் விட்டால் இஞ்சினே எரிந்துபோகும். தண்ணீரில்லாமல் வெறுமனே ஓட்டிக் காட்டினாலும் அந்த இம்பெல்லர் கெடும், ஆகவே பீப்பாயில் தண்ணீர் நிரப்பி இஞ்சின் காலை அதில் இறக்கி ஓட்டவேண்டும். இஞ்சின் காலின் நீளம் பின்பலகையின் உயரத்துக்குப் பொருந்துகிறதா என்றும் பாருங்கள். 15 அங்குலம், 20 அங்குலம் என்று இரண்டு அளவுகள் பரவலாக உண்டு. உதிரிப்பாகம் கிடைக்கும் இஞ்சினாக இருப்பது குதிரைத்திறனைவிட முக்கியம். மீனவர்கள் எதை நம்பி ஓட்டுகிறார்களோ, அதற்குத்தான் கோலசெப்பாத்தாங்கிலும் பாகான் டத்தோவிலும் மெக்கானிக்கும் இருப்பார், பாகமும் இருக்கும். அரிய இஞ்சின் அழகாக இருக்கலாம். ஒரு கேஸ்கெட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்க வைக்கும்.

பைபர் படகின் பெரும் பலமும் இங்கே வருகிறது: சாதாரண மனிதரின் கைக்கு எட்டும் வேலை அது. பின்பலகையை மாற்றுவதற்குத் தொழிற்சாலை வேண்டாம். உட்புறத் தோலை அறுத்தெடுத்து, உளுத்ததைச் சுரண்டி, வெளித்தோலைக் காயவைத்து, புதிய மரைன் பிளைவுட்டை அதே அளவில் வெட்டி, எபாக்ஸியில் ஒட்டி, மேலே பைபர் அடுக்குகளைப் போடவேண்டும். பொறுமை வேண்டும், கணக்கு வேண்டும். பழைய பைபரின்மேல் எபாக்ஸி பிடிப்பதுபோல் பாலியெஸ்டர் பிடிக்காது. பலகை ஒட்டும் இடத்தில் சிக்கனம் பார்ப்பது தவறு. பாலியெஸ்டரில் வேலை செய்பவர்கள் கலக்கும் கெட்டியாக்கி எடையில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடுதான். நம் வெயிலில் கொஞ்சம் கூடினாலும் வாளியிலேயே கட்டியாகிப் புகைய ஆரம்பிக்கும். அந்தக் கெட்டியாக்கி ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும். பைபரைத் தேய்க்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கும் தோலுக்கும் ஆகாது. கண்ணாடி, நல்ல முகமூடி, கையுறை, திறந்த வெளி ஆகிய நான்கும் இல்லாமல் யாரும் இந்த வேலையைத் தொடக்கூடாது. பிள்ளைகள் விளையாடும் முன்வாசலில் தேய்க்கவே கூடாது.

இரண்டாவது மறுப்பு உயிரைப் பற்றியது. பழைய படகில் குடும்பத்தை ஏற்றலாமா? வயதைவிடச் சுமைதான் உயிரை வாங்குகிறது. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் வழிகாட்டுதலில் 20 அடிக்குக் குறைந்த சாதாரணப் படகுகளுக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுப்பது. 14 அடி நீளம், 5 அடி அகலம் என்றால் 70ஐ 15ஆல் வகுக்க நான்கரை சொச்சம். நான்கு பேருக்கு மேல் ஏறக்கூடாது. அதுவும் அமைதியான நீரில். ஐஸ் பெட்டியும் கூடாரமும் ஏற்றினால் ஓர் ஆளைக் குறைக்கவேண்டும். பழைய படகுகள் பலவற்றில் இந்த அளவைச் சொல்லும் தகடு இருக்காது, ஆகவே கணக்கை நாமே போடவேண்டும். தெமெங்கோரில் இன்னோர் ஆபத்து உண்டு. காட்டை மூழ்கடித்து உண்டான ஏரி என்பதால் பட்ட மரங்கள் தண்ணீருக்கு மேலும் கீழும் நிற்கின்றன. நீர்மட்டம் இறங்கும்போது நேற்று இல்லாத கிளை இன்று புரொப்பெல்லருக்கு நேரே வரும். மெதுவாகப் போவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய பைபரின் தோல் தடித்ததாக இருந்தால் இங்கே உதவி செய்யும், ஆனால் அதையே நம்பிப் போகக்கூடாது. உயிர்காப்பு அங்கி இருக்கைக்கடியில் இருந்தால் பயனில்லை. உடம்பில் மாட்டியிருக்கவேண்டும், சிறுவர்களுக்கு அவர்களின் அளவிலேயே.

பழைய டூ-ஸ்ட்ரோக் இஞ்சின் ஊற்றும் பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே தண்ணீரில் விடுகிறது என்ற மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். தெமெங்கோர் ஏரிக்கு வடக்கே, 2007இல் அரசிதழில் அறிவிக்கப்பட்ட ராயல் பெலும் பூங்கா 117,500 ஹெக்டேர் பழங்காடு. பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதியோடுதான் உள்ளே போகமுடியும். அந்தத் தண்ணீரில் நீலப் படலத்தை விட்டுவிட்டு வருவது சரியல்ல. ஆனால் படகின் ஓடு வேறு, இஞ்சின் வேறு. சிறு அவுட்போர்டு இரண்டு திருகில் கழன்றுவிடும். பழைய ஓட்டை வைத்துக்கொண்டு ஃபோர்-ஸ்ட்ரோக்கை மாட்டலாம்; அதே திறனில் அது கனம் கூடுதல், ஆகவே பின்பலகை உறுதியாக இருந்தால் மட்டும். ஈயக் குளங்களில் தூண்டில் போடுகிறவருக்குப் பேட்டரியில் ஓடும் சிறு மின் இஞ்சினே தாராளம். சத்தமும் இல்லை, மீனும் கலையாது.

ஆவணத் தாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். படகை வாங்குவது என்பது அதன் உரிமத்தையும் பெயர் மாற்றத்தையும் சேர்த்தே. கடலிலும் கழிமுகத்திலும் ஓடும் படகுகள் கடல்துறை இலாகாவின் பார்வையில் வருபவை. மீன்பிடிப் படகுகளுக்கு 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின்படி தனி உரிமம். மீனவரிடமிருந்து வாங்கும் படகோடு அந்த உரிமமும் கைமாறிவிடும் என்று எண்ணிவிடக்கூடாது. இஞ்சினில் பொறித்த எண் தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் பார்க்கவேண்டும்; எண் சுரண்டப்பட்ட இஞ்சினை எவ்வளவு மலிவானாலும் தொடவேண்டாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் இலாகா அலுவலகத்தில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு குடும்பம் தனியாகத் தாங்குமா என்று கேட்கலாம். தாங்கவேண்டியதில்லை. மாதத்தில் இரண்டு நாள் தண்ணீரில் இறங்கும் பொருளுக்கு நான்கு குடும்பம் சேர்ந்தால் செலவு காலாகிறது, வேலையும் காலாகிறது. கூட்டாகச் சேர்ந்து பெரிய பொருளை வாங்குவது நமக்குப் புதிதல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பால் வெட்டுத் தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப்பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கினார்கள். அந்தத் தோட்டங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களுக்கு ஒரு 14 அடிப் படகு எட்டாக்கனி அல்ல. ஆனால் நட்பை மட்டும் நம்பி இறங்கக்கூடாது. படகு யார் வீட்டில் நிற்கும், இம்பெல்லரையும் எண்ணெயையும் யார் மாற்றுவது, மரத்தில் மோதினால் யார் கொடுப்பது, ஒருவர் விலகினால் அவர் பங்கு என்ன விலை என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எல்லோரும் கையெழுத்திடவேண்டும். படகுக் கூட்டு உடைவது பெரும்பாலும் எழுதாமல் விட்ட இடத்தில்தான்.

பழைய படகை ஓட்டவேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் பணத்தைத் தாண்டிய காரணமும் உண்டு. இறுகிய ரெசினை மறுபடி உருக்கமுடியாது. இரும்பைப் போலவோ அலுமினியத்தைப் போலவோ பழைய சாமான் கடைக்காரர் அதை எடுத்துக்கொள்ள மாட்டார். எரித்தால் நச்சுப் புகை. புதைத்தால் மண்ணுக்குள் அப்படியே கிடக்கும். ஜப்பான் 2005 முதல் பழைய பைபர் படகுகளைச் சேகரித்து, நொறுக்கி, சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்பும் ஏற்பாட்டை நடத்துகிறது. பிரான்ஸ் 2019இல் புதுப் படகு விற்பனையிலேயே ஒரு கட்டணம் பிடித்து, ஆயுள் முடிந்த படகுகளைப் பிரிக்கும் அமைப்பைத் தொடங்கியது. செல்வமும் தொழில்நுட்பமும் உள்ள நாடுகளுக்கே இது பெரும்பாடு. சதுப்புக் காட்டின் ஓரத்தில் சேற்றில் புதைந்து கிடக்கும் ஒரு பைபர் படகை அப்புறப்படுத்துவதைவிட, அதன் பின்பலகையை மாற்றி இன்னும் 20 வருடம் ஓட்டுவது எளிது, மலிவு, மண்ணுக்கும் நல்லது.

எல்லாப் படகு ஓடுகளையும் காப்பாற்ற முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பின்பலகை மட்டும் கெட்டிருந்தால் வாங்கலாம்; தரை மட்டும் கெட்டிருந்தாலும் வாங்கலாம். பின்பலகை, தரை, அடிக்கட்டைகள் மூன்றும் போயிருந்தால் மிஞ்சியிருப்பது வெறும் தோல். அதை நிமிர்த்தும் செலவில் நல்ல நிலையிலுள்ள இன்னொரு பழைய படகே கிடைத்துவிடும். அப்படிப்பட்ட ஓடுகள்தான் பெரும்பாலும் “சும்மாவே எடுத்துக்கோங்கண்ணே” என்ற விலைக்கு வரும். சும்மா வாங்கியவருடைய தலையில்தான் அதை அப்புறப்படுத்தும் செலவும் விழுகிறது. டிரெய்லரும் இஞ்சினும் நன்றாக இருந்தால் அவற்றுக்கு மட்டும் விலை பேசி, ஓட்டைச் சொந்தக்காரரிடமே விட்டுவிட்டு வரவேண்டும்.